‘எல்லோருக்கும்’ என்றால் யார் யாருக்கு? வில்லெம் டிரேஸும் டச்சு ஓய்வூதியமும்

நெதர்லாந்தில் ஒரு காலத்தில் முதியோர் ஓய்வூதியம் பெற்றவர்கள் ‘டிரேஸிடம் வாங்குகிறோம்’ என்றே சொன்னார்கள். அரசுப் பணம்தான். ஆனாலும் மக்கள் வாயில் வில்லெம் டிரேஸ் என்ற மனிதரின் பெயர் நின்றுவிட்டது.

1886ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்த டிரேஸ் சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தார். 1904ல் சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். 1940ல் நாஜிகள் அவரைப் பிணைக்கைதியாகப் புக்கன்வால்ட் முகாமில் அடைத்தனர். போருக்குப் பின் சமூகநல அமைச்சராகி, 1947ல் வறிய முதியவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1948 முதல் 1958 வரை பிரதமராக இருந்தார். 65 வயதான எல்லோருக்கும் ஓய்வூதியம் என்ற சட்டம் 1957ல் அவர் ஆட்சியில்தான் நடைமுறைக்கு வந்தது.

அதுவரை வழியற்ற முதியவர்கள் பிள்ளைகளின் தயவையோ தேவாலயத்தின் தருமத்தையோ நம்பி இருந்தார்கள். கையேந்த வைக்கப்படுவதன் வலியைத் தலைமுறைகளாக அறிந்த நாம், தருமத்தை உரிமையாக்கிய அந்தச் சட்டத்தைக் குறைத்துப் பேச மாட்டோம்.

ஆனால் அந்த உரிமை கடல் தாண்டவில்லை. டிரேஸ் பிரதமரான நான்கே மாதத்தில், 1948 டிசம்பரில், விடுதலையை அறிவித்திருந்த இந்தோனேசியா மீது டச்சுப் படை இரண்டாம் முறை பாய்ந்தது. சுகர்னோ கைதானார். இந்தப் போருக்கு அவர்கள் வைத்த பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. உலக நாடுகளின் நெருக்குதலுக்குப் பிறகு, 1949 டிசம்பரில்தான் ஆட்சியுரிமையைக் கைமாற்றினார்கள்.

தென் அமெரிக்காவில் இருந்த டச்சுக் காலனியான சூரினாமின் கதை இன்னும் நுட்பமானது. அங்கே தோட்டங்களில் முதலில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1873 முதல் இந்திய ஒப்பந்தக் கூலிகளும் சேர்ந்தார்கள். 1954ல் டிரேஸ் ஆட்சியில் வந்த சாசனம் சூரினாமைச் சமமான பங்காளி என்றது. மூன்றே ஆண்டில் வந்த ஓய்வூதியச் சட்டமோ ஐரோப்பிய நெதர்லாந்தில் வாழ்ந்த ஆண்டுகளை மட்டும் எண்ணியது. 50 ஆண்டு இருந்தால் முழுத் தொகை. குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 2 விழுக்காடு வெட்டு. 1975ல் சூரினாம் விடுதலை பெறுமுன் குடியேறியவர்கள் டச்சுக் குடிமக்களாகவே பிறந்தவர்கள். ஆனாலும் சூரினாமில் அவர்கள் வாழ்ந்த ஆண்டுகள் கணக்கில் வரவில்லை. பத்தாண்டு அங்கே கழித்தவருக்கு ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. நீதி கேட்டு அந்த முதியவர்கள் நெடுங்காலம் போராடி வந்திருக்கிறார்கள்.

டிரேஸ் 1988ல், 101 வயதில் இறந்தார். அவரை வில்லனாக்குவது நம் நோக்கமல்ல. நல்லவர் எழுதும் சட்டத்திலும் ‘எல்லோரும்’ என்ற சொல்லுக்கு வேலி இருக்கக்கூடும் என்பதே நாம் சொல்ல வருவது. ‘பொதுக்குளம்’ என்ற சொல்லுக்குள் நாம் இல்லை என்பதை, 1927ல் மகாத்தில் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்துத்தான் உலகுக்குக் காட்ட வேண்டியிருந்தது. சூரினாம் முதியவர்கள் கேட்பதும் சலுகையல்ல. அந்தச் சொல்லுக்குள் தங்களுக்கு உரிய இடத்தைத்தான் கேட்கிறார்கள்.