பென்சிலால் வரைந்த பாதங்கள்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

"சார், ரிட்டயர் ஆனதும் குருவி பார்க்கக் கிளம்பிட்டீங்களே, இதனால யாருக்கு என்ன பிரயோஜனம்?" திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையில் காலை நடைக்கு வரும் நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பூச்சிகளைத் தின்கிறது, விதைகளைப் பரப்புகிறது என்று பாடப்புத்தகப் பதில் சொல்லலாம். ஆனால் அது பறவையால் வரும் பயன். பறவை பார்க்கும் பழக்கத்தால் மனிதருக்கு மனிதர் என்ன பயன் என்று கேட்டால், அதற்கு வரலாற்றில் ஒரு நல்ல பதில் இருக்கிறது. நம் சலீம் அலியிடமிருந்தே தொடங்கலாம்.

சலீம் அலி 1896-ல் பிறந்தவர். பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவர் விரும்பிய அரசு வேலை கிடைக்கவில்லை. 1929-ல் பெர்லினுக்குப் போனார். அங்கே விலங்கியல் அருங்காட்சியகத்தில் இருந்த எர்வின் ஸ்ட்ரெசமான் அவரைச் சேர்த்துக்கொண்டு பறவையியலை முறையாகக் கற்றுக்கொடுத்தார். கடைசிவரை சலீம் அலி அவரைத் தம் குரு என்றே சொன்னார்.

ஸ்ட்ரெசமானுக்கு இன்னொரு மாணவர் உண்டு. பெயர் எர்ன்ஸ்ட் மேயர். 1923-ல் மேயருக்கு 18 வயது. ஒரு ஏரியில், அந்தப் பகுதியில் பல பத்தாண்டுகளாக யாருமே பார்க்காத ஒரு வாத்து ஜோடியைப் பார்த்தார். சொன்னால் யாரும் நம்பவில்லை. ஸ்ட்ரெசமான் அந்தப் பையனை உட்காரவைத்துக் குறுக்குக் கேள்விகள் கேட்டார். பதில்கள் சரியாக இருந்ததால் நம்பினார். மருத்துவம் படிக்கப் போன பையன் பறவையியலுக்கு வந்துவிட்டார். 1931-ல் மேயர் நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்தார். பிற்காலத்தில் பரிணாம அறிவியலில் உலகப் புகழ் பெற்றவர் இவர்தான்.

பிறகு இரண்டாம் உலகப்போர். குருவின் நாடும் மாணவர் வாழும் நாடும் எதிரெதிர் அணிகள். 1945 பிப்ரவரி 3-ல் விழுந்த குண்டில் பெர்லின் அருங்காட்சியகத்தின் கிழக்குப் பகுதி இடிந்தது. மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. ஆனால் மக்களின் துன்பம் அதற்குப் பிறகும் தீரவில்லை. விளைச்சல் இல்லை, நிலக்கரி இல்லை, ரயில் ஓடவில்லை. 1946-47 குளிர்காலம் ஐரோப்பாவிலேயே மிகக் கொடுமையான குளிர்காலங்களில் ஒன்று. ஆறுகள் உறைந்தன. ஜெர்மனியில் பல மாதங்கள் ஒருவருக்குக் கிடைத்த ரேஷன் நாளொன்றுக்கு 1,500 கலோரிக்கும் குறைவு. போரும் இயற்கையும் சேர்ந்து அடித்த அடி அது.

அப்போதுதான் அமெரிக்காவில் இருந்த பறவை ஆர்வலர்கள் சிலர் ஒரு வேலையைக் கையிலெடுத்தார்கள். மேயரோடு ஜோசப் ஹிக்கி, அவர் மனைவி மார்கரெட், பிரடெரிக் ஹாமர்ஸ்ட்ராம், அவர் மனைவி பிரான்சஸ் ஆகியோர் சேர்ந்தார்கள். அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்தில் இதற்கென்றே ஒரு நிவாரணக் குழு அமைந்தது. ஐரோப்பாவில் பசியிலும் குளிரிலும் தவிக்கும் பறவையியலாளர்களுக்கு உணவுப் பொருளும் உடுப்பும் காலணியும் பெட்டி பெட்டியாக அனுப்பினார்கள்.

இதில் என் மனதைத் தொட்ட செய்தி காலணி பற்றியது. ஒவ்வொரு நாட்டிலும் காலணி அளவு எண் வேறு. அதனால் உதவி வேண்டியவர்கள் ஒரு தாளின்மேல் காலை வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, அந்தத் தாளைத் தபாலில் அனுப்பினார்கள். வந்த படத்தோடு ஒப்பிட்டுப் பொருந்தும் காலணியை இவர்கள் தேடினார்கள். நம் ஊர்ப்பக்கம் ஈர்க்குச்சியில் கால் அளவு ஒடித்து எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய்ச் செருப்பு வாங்கி வருவார்களே, அதே வழிதான். நேற்றுவரை எதிரி நாட்டுக்காரர். இன்று அவருடைய பாதத்தின் படத்தை மேசையில் விரித்து, அதற்கேற்ற காலணியைத் தேடுகிறார் ஒருவர். முகம் பார்த்ததில்லை. ஆனால் அவர் எழுதிய பறவைக் குறிப்பைப் படித்திருப்பார்.

இது எப்படி முடிந்தது? ஆசிரியராக இருந்த எனக்குக் கதையைவிடக் காரணம்தான் முக்கியம்.

முதல் காரணம், தொடர்பு முன்பே இருந்தது. பறவைக்கு எல்லை கிடையாது. ஒருவர் வளையம் மாட்டிவிட்ட பறவை வேறொரு நாட்டில் கிடைத்தால் அங்கிருந்து கடிதம் வரும். இப்படிப் பல ஆண்டுகளாகப் பெயரும் முகவரியும் கைமாறிக்கொண்டே இருந்தன. ஆபத்து வந்த பிறகு புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, வாங்குகிறவருக்குக் கூச்சம் குறைவு. பிச்சை வேறு, கூட்டாளி கொடுப்பது வேறு. "நீங்களும் நானும் ஒரே வேலை செய்கிறவர்கள், இன்று உங்களுக்கு முடியவில்லை, அவ்வளவுதான்" என்ற தொனியில் வரும் உதவியை மானமுள்ள மனிதரும் வாங்கிக்கொள்வார்.

என் வயதுக்காரர்களுக்கு இன்னொரு செய்தி. 1960-களில் நம் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுக்குப் பால் பவுடரும் கோதுமையும் தந்த 'கேர்' அமைப்பு நினைவிருக்கிறதா? அதுவும் 1945-ல் அமெரிக்காவில் ஐரோப்பியர்களுக்குப் பெட்டி அனுப்பத் தொடங்கப்பட்டதுதான். அந்தக் கோதுமை உப்புமாவின் வரலாறும் அதே பசியில்தான் ஆரம்பிக்கிறது.

ஆனால் இந்தக் கதையில் ஒரு குறையும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் வரலாறு ஆகாது. பறவை பார்க்காத ஒரு நெசவாளிக்கும், தனியாக இருந்த ஒரு கிழவிக்கும் ஜெர்மனியில் அதே பசிதான். பறவையியலாளர் சங்கத்தின் பெட்டி அவர்களைத் தேடிப் போகவில்லை. வட்டத்துக்குள் இருந்தவர்களுக்குக் காலணி வந்தது. வெளியே இருந்தவர்களை வேறு யாராவதுதான் பார்க்க வேண்டியிருந்தது.

நம் ஊருக்கு வருவோம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1, மாலையில் நம் வ.உ.சி. நகரில் மலையிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீடு புதைந்தது. 5 குழந்தைகள் உட்பட 7 பேர் போய்விட்டார்கள். நம்மில் யாரும் அந்த நாட்களை மறக்கவில்லை. 13-ம் தேதி தீபம் ஏற்றியபோதும் அந்தத் துக்கம் ஊருக்குள் இருந்தது. பாறை விழுவதை எந்தக் குழுவாலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மழை விடாமல் கொட்டும் இரவில் சரிவுக்குக் கீழே யார் யார் இருக்கிறார்கள், யாருக்குப் போன் செய்து "எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்ல வேண்டும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. ஆசிரியர்கள், மாணவர்கள், விவசாயிகள் எல்லோரும் கலந்துகொள்கிறார்கள். எந்த ஊரில் யார் பறவை பார்க்கிறார் என்பது இப்போது ஒருவருக்கொருவர் தெரியும். 1946-ல் தபாலில் இருந்த தொடர்பு இன்று நம் கைப்பேசியில் இருக்கிறது. பறவைப் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் ஏன் வைத்துக்கொள்ளக் கூடாது? குழுவில் தனியாக வசிப்பவர் யார், தாழ்வான இடத்தில் வீடு உள்ளவர் யார், மருந்து தவறாமல் வேண்டியவர் யார். அதோடு ஒவ்வொருவரும் பறவை பார்க்காத ஒரு பக்கத்து வீட்டுக்காரரின் பெயரையும் சேர்த்து எழுத வேண்டும். அமெரிக்க நண்பர்கள் செய்ததைவிட ஒரு படி மேலே போக நமக்கு வழி அதுதான்.

பறவைக் குழுதான் என்று இல்லை. பஜனைக் குழு, நடைப்பயிற்சிக் குழு, பழைய மாணவர் குழு, கோலாட்டக் குழு எதுவானாலும் சரி. உங்கள் குழுவில் இப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா? இருந்தால் எப்படித் தயாரித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கும் உதவும். இல்லையென்றால் அடுத்த ஐப்பசி மழைக்கு முன்னால் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்
திருவண்ணாமலை