தானுந்துப் பொறியைக் கழற்றுதல்

தானுந்துப் பொறியைக் கழற்றுதல் என்பது தானுந்து (கார்) ஒன்றின் உள் எரி பொறியை அதன் இருப்பிடத்திலிருந்து முழுமையாக வெளியே எடுக்கும் பணிமனைச் செயற்பாடு ஆகும். உருளைகளைக் கடைதல், வணரித்தண்டைச் சீர்செய்தல், பொறியை மாற்றுதல் போன்ற பெரும் பழுதுபார்ப்புகளுக்கு இது தேவைப்படுகிறது. பொறியைத் தனியாக எடுப்பதா, கியர் பெட்டியுடன் சேர்த்து எடுப்பதா என்பதே இப்பணியில் முதலில் எடுக்க வேண்டிய முடிவு. இது பெரும்பாலும் தானுந்தின் அமைப்பைப் பொறுத்தது.

பொறியும் கியர் பெட்டியும் இணையும் விதம்

பொறியின் ஒரு முனையில் சுழற்சக்கரமும் (பிளைவீல்) அதன்மேல் கிளட்சும் உள்ளன. கியர் பெட்டியின் மணி வடிவக் கூடு இவற்றை மூடி, சுற்றிலும் மரையாணிகளால் (போல்ட்டு) பொறியுடன் பிணைக்கப்பட்டிருக்கும். கியர் பெட்டியிலிருந்து நீளும் உள்ளீட்டுத் தண்டு, கிளட்சுத் தட்டின் நடுவிலுள்ள பற்களில் பொருந்தியிருக்கும். எனவே மரையாணிகளைக் கழற்றியவுடன் பொறி விடுபடாது. தண்டு முழுவதும் வெளிவரும் வரை இரண்டையும் நேர்கோட்டில் பிரிக்க வேண்டும். பொறி முன்னோக்கி நகர இடம் தேவைப்படுவதால், ரேடியேட்டர் முன்னதாகவே அகற்றப்படுகிறது.

பொறியை மட்டும் கழற்றுதல்

இம்முறையில் கியர் பெட்டி வண்டியிலேயே இருக்கும். அதன் முன்பகுதி சரியாமலிருக்க அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கப்படுகிறது. தூக்க வேண்டிய எடை குறைவு என்பதும், கியர் இணைப்புகளைத் தொட வேண்டியதில்லை என்பதும் இதன் நன்மைகள். ஆனால் கூட்டின் மேற்புற மரையாணிகளை எட்டுவது கடினம். பிரிக்கும்போது பொறியின் எடை உள்ளீட்டுத் தண்டின் மீது தொங்கினால் கிளட்சுத் தட்டு வளைந்து விடும்.

தானியங்கிக் கியர் பெட்டி உள்ள வண்டிகளில் கிளட்சுக்குப் பதிலாக முறுக்குவிசை மாற்றி (டார்க் கன்வெர்ட்டர்) உள்ளது. இதனைப் பொறியின் தட்டிலிருந்து முதலில் விடுவித்து, கியர் பெட்டியோடு நிற்கச் செய்ய வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கழற்றுதல்

இம்முறையில் கியர் நெம்புகோல் இணைப்பு, கிளட்சு இணைப்பு, உந்துதண்டு, பின்புறத் தாங்கி ஆகியவையும் விடுவிக்கப்படுகின்றன. உந்துதண்டை உருவினால் கியர் எண்ணெய் ஒழுகக்கூடும் என்பதால் எண்ணெய் முன்னரே வடிக்கப்படுகிறது. நீண்ட தொகுதியைச் சாய்த்து எடுக்க வேண்டியிருப்பதால் பாரந்தூக்கியின் உயரம் கூடுதலாகத் தேவை. எனினும், மீண்டும் இணைக்கும் நுட்பமான வேலையை வெளியில், கண்ணுக்குத் தெரியும்படி செய்யலாம்.

எடுத்துக்காட்டுகள்

* இந்துசுத்தான் அம்பாசடர்: 2014 வரை மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் தயாரிக்கப்பட்டது. முன்புறம் நெடுக்குவாட்டில் பொறி, அதன்பின் கியர் பெட்டி, பின்சக்கர இயக்கம். இத்தகைய அமைப்பில் இரு முறைகளும் இயலும்.
* வோக்சுவாகன் பீட்டில்: காற்றால் குளிர்விக்கப்படும் பொறி வண்டியின் பின்முனையில் உள்ளது. கியர் பெட்டியுடன் நான்கே இடங்களில் பிணைக்கப்பட்டுள்ளது. வண்டியின் பின்பகுதியை உயர்த்தி, பொறியைப் பின்னோக்கி நகர்த்திக் கீழே இறக்குவர். கியர் பெட்டி வண்டியிலேயே நிற்கும்.
* மினி: 1959இல் அலெக் இசிகோனிசின் வடிவமைப்பில் வெளிவந்தது. பொறி குறுக்குவாட்டில் அமைய, கியர் பெட்டி அதன் அடியிலேயே உள்ளது. இரண்டுக்கும் ஒரே எண்ணெய். ஆகவே இவை சேர்த்தே கழற்றப்படுகின்றன.

குறுக்குவாட்டுப் பொறியும் முன்சக்கர இயக்கமும் கொண்ட பிற தானுந்துகளிலும், இடம் குறைவு என்பதால் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே எடுப்பர். சிலவற்றில் துணைச் சட்டகத்துடன் கீழ்வழியாக இறக்குவர்.

முன்னேற்பாடும் பாதுகாப்பும்

சிறிய தானுந்தின் பொறியே ஏறத்தாழ 100 கிலோகிராம் எடை கொண்டது. தொங்கும் பொறியின் அடியில் கையோ காலோ வைத்தல் கூடாது. உயர்த்திய வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கிகளின் மேல் அமர்த்த வேண்டும். பணி தொடங்குமுன் மின்கல இணைப்பு துண்டிக்கப்படுகிறது. எரிபொருள் உட்செலுத்து முறை உள்ள வண்டிகளில் குழாயின் அழுத்தம் வெளியேற்றப்படுகிறது. குளிர்விப்பு நீர்மத்தில் நச்சுத்தன்மை கொண்ட எத்திலீன் கிளைக்கால் இருக்கலாம் என்பதால் அது மூடிய கலத்தில் சேகரிக்கப்படுகிறது. குளிர்பதன வளிமத்தைக் காற்றில் விடாமல் உரிய கருவியால் மீட்டெடுக்க வேண்டும். கழற்றும் குழாய்களுக்கும் மின்கம்பிகளுக்கும் அடையாளச் சீட்டு கட்டுவது பின்னர் குழப்பத்தைத் தவிர்க்கும்.

மீண்டும் பொருத்துதல்

கிளட்சுத் தட்டு முதலில் மையப்படுத்தப்பட வேண்டும். இல்லையெனில் உள்ளீட்டுத் தண்டு நுழையாது. பொறியும் கூடும் இடைவெளியின்றிப் பொருந்திய பின்னரே மரையாணிகளை முறுக்க வேண்டும். இடைவெளி இருக்கும்போதே மரையாணியை முறுக்கி இழுத்தால் அலுமினியக் கூடு உடையலாம். தானியங்கி வண்டியில் முறுக்குவிசை மாற்றி முழுமையாக உள்ளே அமராத நிலையில் இவ்வாறு செய்தால், கியர் பெட்டியின் எண்ணெய் எக்கி சிதையும். ஆகவே இடைவெளி மூடாதபோது பொறியைப் பின்னுக்கு எடுத்துக் காரணத்தைக் காண்பதே முறையாகும்.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* கிளட்சு
* கியர் பெட்டி
* முன்சக்கர இயக்கம்