மூன்று விரல் உப்பு, ஒரு பிடி வெல்லம்

சமூக மருத்துவம் படிக்கும் மாணவர்கள் ‘கோபி-எஃப்எஃப்எஃப்’ என்று ஒன்றை உருப்போடுவார்கள். ஏழைக் குழந்தைகளைக் காப்பாற்ற, செலவு குறைந்த வழிகள் சிலவற்றை 1982-இல் யுனிசெஃப் தலைவர் ஜேம்ஸ் கிராண்ட் முன்வைத்தார். வளர்ச்சிக் கண்காணிப்பு, வாய்வழி நீரேற்றம், தாய்ப்பால், தடுப்பூசி ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்தான் ‘கோபி’. பிள்ளைப்பேற்றில் இடைவெளி, பெண் கல்வி, துணை உணவு ஆகிய மூன்றும் பிறகு ஒட்டிக்கொண்டன. பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். பெரும்பாலும் அத்தோடு மறந்தும் போகும். ஆனால் அந்த வரிசையில் இரண்டாவதாக வருகிற ‘ஓ’வை, அதாவது பேதியில் வற்றும் நீரை வாய் வழியே ஈடுகட்டும் முறையை, எழுத்தே தெரியாத பெண்கள் லட்சக்கணக்கில் அதற்கு முன்பிருந்தே மனப்பாடம் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுடைய பாடநூல் வலது கை.

குடலில் குளுக்கோஸ் இருந்தால் உப்பையும் நீரையும் அது தன்னோடு உள்ளே இழுத்துக்கொள்ளும், காலரா கண்டவர் குடலிலும் இது நடக்கும் என்பது 1960-களில் தெளிவானது. 1968-இல் டாக்கா காலரா ஆய்வுக்கூடத்தில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் மருத்துவர்கள், நோயாளி இழக்கும் நீரை அளந்து அதே அளவு கரைசலைக் குடிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டிய சலைனின் தேவை பெருமளவு குறைந்தது. ஆனாலும் பெரிய மருத்துவர்கள் பலருக்கு நம்பிக்கை வரவில்லை. வாய் வழியாகக் கொடுப்பது வைத்தியம் ஆகுமா என்ற தயக்கம் அவர்களுக்கு.

தயங்க நேரமில்லாத இடம் ஒன்று 1971-இல் வந்தது. வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகளால் மேற்கு வங்கத்தின் பன்காவ் நிரம்பி வழிந்தது. காலரா பரவியது, மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள், சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் திலீப் மகலநபீஸ், கொல்கத்தாவில் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் எடைபோட்டு, பிளாஸ்டிக் பைகளில் கட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் வாய் ஒட்டி வரவழைத்தார். குழாய் வைத்த டிரம்களில் அதைக் கரைத்து வைத்தார்கள். நோயாளியின் அம்மாவோ அண்ணனோ கோப்பையில் பிடித்துக்கொண்டு போய் ஊட்டினார்கள். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. நூற்றுக்கு முப்பது பேர் சாகிற நோயில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. என்னைக் கேட்டால், இந்தக் கதையில் மருந்து மருத்துவரின் கையை விட்டு வீட்டார் கைக்குப் போன நாள் அதுதான்.

1978-இல் லான்செட் மருத்துவ இதழ், குளுக்கோஸ் உப்பையும் நீரையும் இழுக்கும் என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று தலையங்கம் எழுதியது. தலையங்கத்தால் பொட்டலம் கிராமத்துக்குப் போய்விடுமா? மழைக்காலத்தில் வங்கதேசத்தின் பல ஊர்களுக்குப் படகுதான் வழி. எல்லா வீட்டுக்கும் பொட்டலம் செய்து அனுப்ப ஆலையும் இல்லை, காசும் இல்லை.

ஷெல் நிறுவனத்தில் கணக்குத் துறை அதிகாரியாக இருந்து, 1972-இல் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கிய ஃபசல் ஹசன் ஆபித் வேறு கணக்குப் போட்டார். உப்பும் வெல்லமும் இல்லாத வீடு குறைவு. அளவு மட்டும் தெரிந்தால் போதும். கரண்டி வீட்டுக்கு வீடு மாறும். கை அவ்வளவு மாறாது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்த்து, ஆள்காட்டி விரலின் முதல் ரேகை வரை வருகிற உப்பு. ஒரு பிடி வெல்லம். அரை சேர் தண்ணீர், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவு. வெல்லத்தில் பொட்டாசியமும் உண்டு என்பது கொசுறு லாபம். தண்ணீர் அளவுக்கு அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள்.

1979-இல் சுல்லா பகுதியில் ஒத்திகை. 1980-இல் வீடு வீடாகப் பெரும் பயணம். பெண் ஊழியர்கள் குழுவாகப் போய், ஒரு ஊரை முடித்து அடுத்த ஊருக்கு நகர்ந்தார்கள். பேதி என்றால் என்ன, உடலில் நீர் வற்றினால் நாக்கும் கண்ணும் எப்படி இருக்கும், எப்போது கொடுக்கத் தொடங்க வேண்டும் என்று பத்துக் குறிப்புகள். ஊழியர் தானே கலக்கிக் காட்டினால் அம்மாவுக்கு நினைவில் நிற்கவில்லை. அம்மாவையே கலக்க வைத்தபோது நின்றது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது சம்பள ஏற்பாடு. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, சில வீடுகளை எதேச்சையாகத் தேர்ந்து, “எங்கே, கலக்கிக் காட்டு அம்மா” என்பார். கலக்கியதில் கொஞ்சம் ஆய்வுக்கூடத்துக்குப் போகும், குறிப்புகளையும் சொல்லச் சொல்வார்கள். அம்மா வாங்கும் தரத்தை வைத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்குக் கூலி. கடைசித் தரம் என்றால் ஒன்றும் கிடையாது. மாணவருக்கு நினைவிருப்பதைப் பொறுத்து ஆசிரியருக்குச் சம்பளம் என்று நம் ஊரில் யாராவது வாய் திறந்து பார்க்கட்டும்!

அப்படியும் இடறியது. அம்மாக்கள் சொன்னார்கள், சரியாகக் கலக்கினார்கள், ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது பலர் கொடுக்கவில்லை. விசாரித்தால், ஊழியர்களிலேயே சிலர் தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரைதான் போட்டுக்கொண்டார்கள். தனக்கே நம்பிக்கையில்லாத ஒன்றை எத்தனை குறிப்பாக ஒப்பித்தாலும் எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். கரைசல் ஏன் வேலை செய்கிறது என்று ஊழியர்களுக்கு முதலில் விளக்கினார்கள்; அம்மாக்கள் முன்னால் அவர்களையே ஒரு மடக்குக் குடிக்கச் சொன்னார்கள். வீட்டு ஆண்களை விட்டுவிட்டது அடுத்த பிசகு. பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் கூட்டம் போட்டார்கள், ஊர் வைத்தியர்களிடம் பேசினார்கள். 1990-க்குள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய் முடித்திருந்தார்கள்.

கை அளவுக்கு ஆபத்தும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. உப்பு கூடினால் குழந்தைக்குக் கேடு. அதனால்தான் கண்ணீரை விடக் கரிக்கக் கூடாது என்று ஊர்ப்புறச் சுகாதார ஊழியர்கள் சொல்லித் தந்தார்கள். நாக்கையே அளவுகோலாக்கிய புத்தி அது. ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி என்பது பிறகு வந்த கணக்கு. பொட்டலம் எல்லா ஊருக்கும் எட்டிய பிறகு கை அளவு மெல்லப் பின்வாங்கியது. 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்து இன்றைய கலவையை வகுத்தது.

இப்போது நினைவில் மிஞ்சியிருப்பது, இந்தக் கரைசலின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ஓ.ஆர்.எஸ். என்ற மூன்றெழுத்து மட்டும். உள்ளே என்ன, எவ்வளவு என்பது கழன்றுவிட்டது. அந்த இடைவெளியில்தான் சர்க்கரை மிகுந்த பானங்கள் இந்த மூன்றெழுத்தை அட்டையில் போட்டுக்கொண்டு மருந்துக்கடைக்குள் நுழைந்தன. அவை பேதியைக் கூட்டவே செய்யும். ஹைதராபாத் குழந்தைகள்நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஆண்டுக்கணக்கில் போராடினார். கடைசியில் 2025 அக்டோபரில், அந்தப் பெயரை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது.

உத்தரவு இருக்கட்டும். அடுத்த முறை வாங்கும்போது அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைக்காதீர்கள். முழு லிட்டரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் கொடுத்தது போக மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.