சுற்றிவந்த அறுகு

மன்னார்க் கரையோர ஊரான அரிப்பில் தோட்டத்துக்குள் அறுகு தலைகாட்டினால் மண்வெட்டியைத் தேடுகிறோம். அதே இனப் புல்லை நகரத்து நாற்றுமேடையில் காசு கொடுத்து வாங்கி, 'பெர்முடா' என்று பெருமையோடு முற்றத்தில் விரிக்கிறோம். பெர்முடாத் தீவில் பிறந்த புல் அல்ல அது. பழைய உலகத்தின் வெப்ப நிலங்களெங்கும் தானாகப் படர்ந்தது. பிள்ளையாருக்குச் சூட்டவும் திருமணத்தில் அறுகரிசி இடவும் நமக்கு அதை யாரும் கப்பலில் கொண்டுவந்து தரவில்லை.

கப்பல் ஏறியது மறுபக்கத்துக்குத்தான். ஜோர்ஜியா ஆளுநர் ஹென்றி எல்லிஸ் 1751இல் அதைச் சவன்னாவுக்குக் கொண்டுவந்தார் என்று புல் வல்லுநர்கள் எழுதிவருகிறார்கள். எல்லிஸ் அங்கே போய்ச் சேர்ந்ததே 1757இல்! ஆண்டு பிழையோ ஆள் பிழையோ, அடுத்த அரை நூற்றாண்டுக்குள் அமெரிக்கத் தெற்கு முழுவதும் அறுகு ஓடிவிட்டது. மாடு வைத்திருந்தவர் கொண்டாடினார், பருத்தி போட்டவர் திட்டினார். நம் ஊர் வரம்பிலும் இதே வழக்குத்தான்.

ஏறத்தாழ அந்தக் காலத்தில், 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பைப் பார்வையிட அரிப்புக் கரையில் இலங்கை ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் தூண் வைத்த மாளிகை கட்டினார். அதற்கு முன்னால் ஆங்கிலப் புற்றரை போட்டிருந்தால் ஒரு கோடையைக்கூட அது தாண்டியிராது. குளிர்நாட்டுப் புல் நம் வெயிலில் உணவு ஆக்கத் திணறும். அறுகோ, மக்காச்சோளத்தையும் கரும்பையும் போல, சூடு ஏற ஏறச் சுறுசுறுப்பாகும் இனம். உறிஞ்சிய உப்பில் ஒரு பகுதியை இலை வழியாகவே வெளியேற்றும் சுரப்பிகளும் அதற்கு உண்டு. உவர்க்காற்று அடிக்கும் மன்னார்க் கரைக்கு இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்?

புல்லின் பயணத்தில் பெரிய திருப்பம் ஜோர்ஜியாவின் டிப்டன் ஆய்வுநிலையத்தில் நடந்தது. 1936இல் அங்கே சேர்ந்த கிளென் பேர்ட்டன் முதலில் மாட்டுத்தீவனத்துக்காகவே அறுகை ஆராய்ந்தார். 1943இல் 'கோஸ்டல்' என்ற தீவன வகை வந்தது. பிறகு கொல்ப் திடல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து வந்த ஆபிரிக்க அறுகு விதைகளுக்குள் தற்செயலாக ஒரு கலப்புச் செடி இருந்தது. அதுவே 1960இல் 'டிப்வே 419' என்று வெளியானது. உலகின் விளையாட்டுத் திடல்கள் பலவற்றில் நாம் மிதிப்பது அதைத்தான். தாய்க்கும் தந்தைக்கும் குரோமோசோம் எண்ணிக்கை பொருந்தாததால் அது மலடு, விதை கட்டாது. ஆகவே எவ்வளவு விலை உயர்ந்த திடலானாலும் கொடியை நறுக்கித்தான் நடவேண்டும்.

நம் வளவிலும் அதே வேலைதான். ஐப்பசியில் மாரி தொடங்கும்போது மண்ணைக் கொத்திக் கல் பொறுக்கிச் சமப்படுத்துங்கள். இரண்டு மூன்று கணு உள்ள கொடித்துண்டுகளை ஒரு சாண் இடைவெளியில் படுக்கவைத்து, நுனி மட்டும் வெளியே தெரிய மண் மூடி மிதித்துவிடுங்கள். வேர் பிடிக்கும்வரை ஈரம் காயக்கூடாது. பிறகு தினமும் தெளிப்பது கெடுதல். மேலாகத் தெளித்தால் வேரும் மேலேயே நிற்கும். இடைவிட்டு ஆழ நனையுங்கள். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கவேண்டாம். வேப்பமர நிழலில் அறுகு வராது, அங்கே முயலவே வேண்டாம். கிணறு உவரானால், மாரி மழை மண்ணின் உப்பைக் கழுவட்டும் என்று விடுங்கள்.

கோடையில் பழுப்பாகிவிட்டால் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கும், மழைக்குத் துளிர்க்கும்.

வாங்கும் கலப்பினம் மெல்லியது, பார்வைக்கு அழகு, ஆனால் அடிக்கடி உரமும் வெட்டும் கேட்கும். பந்து உருள வேண்டிய திடலுக்கு அது சரி. பிள்ளைகள் ஓடும் முற்றத்துக்கு வரம்பில் கிடக்கும் அறுகு போதும்.