ஐசோகோனிக் கோடு

அமெரிக்காவில் விமானம் ஓட்டக் கற்பவர் விரித்துப் பார்க்கும் 'செக்‌ஷனல்' வரைபடம் 1:5,00,000 அளவிலானது. அதில் ஊர், மலை எதையும் பொருட்படுத்தாமல் மெஜந்தா நிறத்தில் விட்டுவிட்டு ஒரு கோடு ஓடும். சாலையுமல்ல, எல்லையுமல்ல, தரையில் தேடினால் கிடைக்காது.

கிரேக்கத்தில் 'ஐசோஸ்' சமம், 'கோனியா' கோணம். காந்த ஊசி காட்டும் வடக்கு மெய் வடக்கிலிருந்து விலகும் கோணம் ஒரே அளவாக உள்ள இடங்களை இணைப்பதே ஐசோகோனிக். விலகலே இல்லாத இடங்களை இணைப்பது 'அகோனிக்'. அநீதியில் உள்ள 'அ' செய்யும் வேலைதான் இங்கும்.

பெயர் பிந்தியது; கோடு முந்தியது. வால்மீனால் நாம் அறிந்த எட்மண்ட் ஹாலி, பாரமோர் கப்பலில் அட்லாண்டிக்கைச் சுற்றி அளந்து, 1701-இல் இத்தகைய கோடுகளுடன் வரைபடம் வெளியிட்டார். கடலோடிக்காக வரைந்தது வானோடிக்கு வந்து சேர்ந்தது.

மெய்த்திசையைக் காந்தத்திசையாக்கும் கணக்கு எளிது: கிழக்கு விலகலைக் கழி, மேற்கு விலகலைக் கூட்டு. சியாட்டில் பக்கம் விலகல் கிழக்கே சுமார் 15 பாகை. அங்கே மெய்த்திசை 90 என்றால் காந்தத்திசை 75. மாற்றிப் போட்டால் 30 பாகை பிழை, சேருமிடம் வேறு ஊர்.

கோடுகளும் நிலையாக நிற்பதில்லை. காந்தப்புலம் நகர்வதால் 2011-இல் டாம்பா விமான நிலையம் காந்தத்திசையைக் குறிக்கும் தன் ஓடுபாதை எண்ணை 18-லிருந்து 19 ஆக மாற்றி எழுதியது.