கசிவை அடைப்பதற்கு முன்: நரம்புசார் சிறுநீர்க் கசிவில் அறுவை சிகிச்சையின் வரிசைமுறை

தண்டுவடக் காயத்தாலோ பிறவித் தண்டுவடப் பிளவாலோ சிறுநீரை அடக்க முடியாமல் போனவர் அறுவை மருத்துவரிடம் கேட்பது ஒன்றுதான்: துணி நனையக் கூடாது. நியாயமான வேண்டுகோள். ஆனால் அதை மட்டும் நிறைவேற்றும் அறுவை, சில நோயாளிகளிடம் சிறுநீரகத்தையே விலையாகக் கேட்டுவிடுகிறது. சிறுநீர்ப்பையின் வாயை இறுக்குமுன் பைக்குள் இருக்கும் அழுத்தத்தை அறிய வேண்டும். அதற்காக எல்லோருக்கும் பையை விரிக்கும் குடல் ஒட்டு போட வேண்டியதில்லை. இவ்விரண்டையும் சேர்த்தே இக்கட்டுரை வாதிடுகிறது.

வாதத்தின் அடித்தளம் எட்வர்ட் மக்குவைர் குழுவினர் 1981-இல் வெளியிட்ட ஆய்வு. தண்டுவடப் பிளவுடன் பிறந்த 42 பேரிடம், பைக்குள் எந்த அழுத்தத்தில் சிறுநீர் கசியத் தொடங்குகிறது என்று அளந்தார்கள். 40 செ.மீ. நீரழுத்தத்துக்குள் கசிந்தவர்களில் ஒருவருக்கும் சிறுநீர் சிறுநீரகம் நோக்கித் திரும்பிப் பாயவில்லை. அந்த அளவைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குப் பாய்ந்தது. அப்படியானால் கசிவு வெறும் குறைபாடன்று, ஏரிக்குக் கலங்கல் எப்படியோ அப்படி. கரையைப் பலப்படுத்தாமல் கலங்கலை உயர்த்தினால் உடைவது கரை.

பிராண்ட்லி ஸ்காட் 1972-இல் ஹூஸ்டனில் முதன்முதலாகப் பொருத்திய செயற்கைச் சுருக்குத்தசை இந்த உண்மையை நடைமுறையில் காட்டியது. அறுவைக்கு முன் சாதுவாகத் தெரிந்த பை, வாய் அடைபட்டதும் சீறத் தொடங்கிய நோயாளிகள் உண்டு. ஓயாமல் ஒழுகிய பை அதுவரை நிரம்பியதே இல்லை. நிரம்பாத பையின் குணம் சோதனையில் எப்படித் தெரியும்? ஆகவே பையின் கழுத்துப் பகுதியைப் பலூன் கதீட்டரால் அடைத்துக்கொண்டு, பையின் அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக் சோதனை செய்வது அவசியம்.

அழுத்தம் அதிகமென்று தெரிந்தால் பழைய விடை, சிறுகுடலில் இருபது முப்பது செ.மீ. துண்டை எடுத்துப் பிளந்து பையில் ஒட்டுவது. கொள்ளளவு கூடும், அழுத்தம் தணியும். ஆனால் குடல் குடலாகவே இருக்கும். சளி சுரந்து கல் வளர இடம் கொடுக்கும். சிறுநீரிலுள்ள குளோரைடை உறிஞ்சி இரத்தத்தில் அமிலத்தை ஏற்றும். எல்லாவற்றிலும் கொடியது ஒட்டிய பை கிழிவது. வயிற்றில் உணர்ச்சி குன்றிய நோயாளிக்கு வலி மங்கலாகவே தெரிவதால், காய்ச்சலோடு சோர்ந்து வருபவரைச் சாதாரணத் தொற்று என்று எண்ணித் திருப்பி அனுப்பும் ஆபத்து இருக்கிறது.

சுவிட்சர்லாந்தின் பிரிகிட்டே ஷுர்க் குழுவினர் 2000-இல் பைத்தசையில் போட்டுலினம் நச்சைச் செலுத்தி அதைத் தளர்த்திக் கண்ட பலன் இந்தக் கணக்கை மாற்றியது. சில மாதங்களில் அதன் பலன் தேயும், திரும்பச் செலுத்த வேண்டும்; இருந்தாலும் அது மீளக்கூடிய முடிவு. பைத்தசையைத் தளர்த்தும் மருந்துக்கும் இந்த ஊசிக்கும் பை அடங்கவில்லை என்று உறுதியான பிறகே குடலைத் தொட வேண்டும். ஆனால் ஏற்கெனவே விறைத்துச் சுருங்கிய பைக்கு ஊசி அதிகம் உதவாது. அங்கே காலம் தாழ்த்துவதும் தவறு.

டல்லாஸைச் சேர்ந்த வாரன் ஸ்னாட்கிராஸ் இன்னும் ஒரு படி சென்றார். தண்டுவடப் பிளவுள்ள குழந்தைகளுக்குப் பையை விரிக்காமலே அதன் கழுத்தைத் தசையுறைப் பட்டையால் தாங்கலாம் என்றார். தொடக்க முடிவுகள் அவருக்குச் சாதகமாகவே இருந்தன. நெடுங்காலக் கண்காணிப்பில் அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் குடல் ஒட்டு தேவைப்பட்டது. இதை அவருடைய தோல்வி என்று கொள்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மற்றவர்கள் குடல் ஒட்டின்றித் தப்பித்தார்களே! அந்த வழியைத் தேர்ந்தால் கண்காணிப்பில் தளர்ச்சி கூடாது என்பதே நிபந்தனை.

இத்தனை அறுவைகளையும் சாத்தியமாக்கியது அறுவையே அல்லாத ஒன்று. 1972-இல் ஜாக் லாபிடிஸ் முன்வைத்த, தூய்மையான கதீட்டரால் அவ்வப்போது தாமே சிறுநீரை வெளியேற்றும் முறை. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, கீழ்வழி எட்டாது என்பதால் பால் மித்ரொஃபனோஃப் 1980-இல் குடல்வாலையே வயிற்றில் திறக்கும் வழியாக்கினார். நோயாளியின் கையோ கூட இருப்பவரோ கதீட்டர் செலுத்தும் வேலையைச் செய்ய முடியாத வீட்டில், வாயை இறுக்கும் அறுவையைத் தொடங்கவே கூடாது.

துணி காய்ந்துவிட்ட நோயாளி பரிசோதனைக்கு வருவதை நிறுத்திவிடுவது இயல்பு. அதனால் அறுவைக்கு முன்பே ஆண்டுதோறும் அல்ட்ராசவுண்டுக்கு வர ஒப்புதல் பெற வேண்டும். இரத்தத்தில் கிரியாட்டினினை மட்டும் நம்பவும் கூடாது. கால்தசை மெலிந்தவர்களிடம் சிறுநீரகம் பாதி கெட்ட பிறகும் அது இயல்பு அளவையே காட்டக்கூடும்.