பரம்பரைக்காகக் கத்திய கூட்டம்

இந்த எபிசோடில் ஒரே ஒரு கேள்விதான். ஒரு விளையாட்டைப் பார்க்க கூட்டம் எதுக்காக வருது?

முதல்ல அமெரிக்கா போயிட்டு வந்துடலாம். டியூக் பல்கலைக்கழகத்தோட கேமரூன் இண்டோர் ஸ்டேடியம் 1940-ல் திறந்தது. உள்ளே சுமார் 9,300 பேர்தான் உட்கார முடியும். பெரிய பாஸ்கெட்பால் மேட்ச் என்றால், இடம் பிடிக்க மாணவர்கள் வாரக்கணக்கில் வெளியே கூடாரம் போட்டுத் தங்குவாங்க. சிரக்யூஸில் ஒரே காலேஜ் மேட்சுக்கு 35,000 பேருக்கு மேல் வந்திருக்காங்க. ஆடுறது யார்? மாணவர்கள்தான்.

பாஸ்கெட்பாலுக்கும் மெட்ராஸுக்கும் பழைய சொந்தம் உண்டு. 1891-ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதை உருவாக்கியது ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்எம்சிஏ பயிற்சிக் கல்லூரியில். அங்கே படித்த ஹாரி குரோ பக்தான் 1920-ல் மெட்ராஸில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியை ஆரம்பித்தார். காலேஜ் வந்தது, ஆட்டமும் வந்தது. ஆனா டிக்கெட் வாங்கி உட்காருற கூட்டம் வரலை.

அப்படி ஒரு கூட்டம் நம்ம ஊரிலும் இருந்துச்சு. காலேஜில் இல்லை, ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம். பாஸ்கெட்பாலுக்கு இல்லை, பாக்ஸிங்குக்கு.

வெள்ளைக்காரச் சிப்பாய்களும் ஆங்கிலோ-இந்தியர்களும் ஆடிய ஆட்டத்தை, துறைமுகத்தில் மூட்டை தூக்கினவங்களும் மீனவர்களும் மில் தொழிலாளிகளும் தங்களோடதாக ஆக்கிக்கிட்டாங்க. சார்பட்டா பரம்பரை, இடியப்ப நாயக்கர் பரம்பரை, எல்லப்ப செட்டியார் பரம்பரை என்று பிரிஞ்சு நின்னாங்க. ஒவ்வொரு பரம்பரைக்கும் வாத்தியார், சிஷ்யப் பசங்க, அவங்களுக்குப் பின்னாடி ஒரு ஏரியாவே இருந்துச்சு. ரிங்கில் ஏறுறவன் தோத்தா, தோக்குறது அவன் மட்டும் இல்லை. தெருவே தோத்த மாதிரி. டியூக் மாணவன் கூடாரம் போடுறதும் இதே உணர்வில்தான்.

1980-ல் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி, முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். இந்த ஊருக்கு பாக்ஸிங் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் அலிக்கு இல்லை. பல தலைமுறையா பார்த்துப் பழகின ஊர் இது.

அப்புறம் என்ன ஆச்சு? ரசிகர்களுக்குள்ளே அடிதடி, கட்சிப் பகை, போலீஸ் அனுமதிச் சிக்கல் என்று பல காரணம் சொல்றாங்க. டிக்கெட் போட்டு நடந்த அந்தச் சண்டைகள் மெல்ல நின்னு போச்சு. கூட்டத்தைக் கூட்டின அதே ரோஷம்தான் நாற்காலியையும் தூக்கி எறிய வைத்தது.

ஆனா ரோஷம் மட்டும் காரணம் என்றால் அமெரிக்காவிலும் இது நின்னிருக்கணும். இன்ஜினியரா எனக்குத் தோணுற வித்தியாசம் வேற. டியூக் டீம் ஒரு வருஷம் தோத்தாலும் காலேஜ் அங்கேயேதான் இருக்கும். வருஷா வருஷம் புது பேட்ச் வந்து அந்த வெறியை வாங்கிக்கும். பரம்பரைக்கு அப்படி ஒரு கட்டடம் இல்லை, நிதி இல்லை, சொந்தமா ஸ்டேடியம் இல்லை. எல்லாம் ஒரு வாத்தியாரோட மூச்சில் ஓடுச்சு. எங்க பாஷையில் இதுக்கு 'சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்று பேர். அந்த ஒருத்தர் போனா, சிஸ்டமே படுத்துடும். இந்த மக்கள்கிட்ட ஆர்வத்துக்குக் குறைச்சல் இல்லை. அதைத் தாங்க ஒரு நிறுவனத்தை யாரும் கட்டித் தரலை.

2021-ல் பா. ரஞ்சித்தோட 'சார்பட்டா பரம்பரை' வந்தப்போ இந்தப் பேர்களை ஊரே பேசுச்சு. ஆனா கொரோனா காலம். கூட்டத்தைப் பற்றிய அந்தப் படத்தை நாம கூட்டமா பார்க்கலை. ஓடிடியில், அவங்கவங்க வீட்டில் பார்த்தோம்.

வடசென்னையில் இன்னைக்கும் பசங்க பயிற்சி எடுக்கிறாங்க. பாக்ஸிங்கோ, காலேஜ் பாஸ்கெட்பாலோ, வீரன் மட்டும் இருந்தா ஆட்டம் வளராது. பார்க்க ஆள் வேணும். உங்க ஏரியாவில் ஒரு போட்டி நடந்தா, போய் ஒரு மணி நேரம் உட்காருங்க. சத்தமா கத்துங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.